செருப்புச் சத்தம்

குமிழ் கையோடு வந்துவிட்டது. தெக்லா அதை மறுபடி சொருகித் திருகினாள். சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. பாடியது அவள் அண்ணன் அம்ப்ரோஸ். அவனே இரண்டடி தள்ளிப் பாயில் கிடந்தான். தாடையைச் சேர்த்துக் கட்டிய துணியில் ஈரம்கூடக் காயவில்லை.

"நிறுத்துடி அதை! செத்த வீட்டுல பாட்டா?" வாசலிலிருந்து மாமா கத்தினார்.

"நிக்க மாட்டேங்குது மாமா!"

"பேட்டரியப் பிடுங்கு!"

பேட்டரி மூடியைக் கம்பி சுற்றி முறுக்கியிருந்தது. அண்ணன் முறுக்கியது. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். மத்தியானச் செய்தி கேட்கும் பழக்கத்தில் மாமாதான் போட்டுவிட்டார். செய்திக்கு முன்னால் பாட்டு வரும் என்பது யாருக்கும் நினைவில்லை. பாயைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பிணத்தையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தெக்லா ரேடியோவைச் சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கூடைக்குள் திணித்து, கிழங்கை அள்ளி மேலே போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். அண்ணன் அவளுக்குக் கீழே பாடினான். பாட்டுக்குத் தாளமாக அடிக்கும் மூங்கில் குழாய்கள் தும் தும்மென்று அதிர்ந்தது அவள் தொடையில் தெரிந்தது.

கடைசியில் அந்தச் சிரிப்பு வந்தது. பாட்டு முடியுமுன்னே அண்ணன் சிரித்துவிடுவான். பிறகு அரசாங்க ரேடியோ அறிவிப்பாளனின் வழவழப்பான குரல்: "கேட்டீர்களா? உங்கள் அம்ப்ரோஸ் இப்போது நம்மோடு முகாமில் இருக்கிறார். வயிறாரச் சோறு, டின் மீன், மருந்து. காட்டிலிருந்து நீங்களும் இறங்கி வாருங்கள்."

தெக்லா பல்லால் கம்பியைக் கடித்துப் பிரித்தாள். பேட்டரிகள் கிழங்குகளோடு உருண்டன.

அப்போதுதான் கொர்னேல் வந்தான். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பையன்கள். இந்தப் பள்ளத்தாக்கில் காட்டுப் பையன்களுக்கு அவன்தான் தலைவன். மாத்திரை, உப்பு, தீப்பெட்டி, மலைமேல் இருக்கும் அவர்களுடைய சொந்த ரேடியோ, எல்லாம் அவன் கையில். வாசலில் செருப்பைக் கழற்றினான். நீல நிற ரப்பர் செருப்பு, புத்தம் புதியது. பூகன்வில் தீவைச் சுற்றி அரசாங்கம் கடலை அடைத்ததிலிருந்து தெக்லா வேறு யார் காலிலும் செருப்பைப் பார்த்ததில்லை. தெற்கே இருந்து திருட்டுத்தனமாக வரும் படகில் வந்திருக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரையும் அதே படகில்தான் வந்தது.

"எப்போ?" என்றான்.

"விடியக்காலைல," என்றார் மாமா.

"காய்ச்சலா?"

"இல்ல," என்றாள் தெக்லா. "டின் மீன் தின்னு அஜீரணம்."

இரண்டு பையன்களில் இளையவன் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினான். மாமா அவள் தோளை அழுத்தினார். "சின்னப் பொண்ணு. துக்கத்துல உளறுது."

"உளறல. ரேடியோல சொன்னாங்களே, கேக்கலயா? நீங்கதான் ரேடியோ சொன்னா நம்புவீங்களே."

போன வாரம் மாமாவும் அவளும் மலையேறிப் போய் அவனிடம் மாத்திரை கேட்டார்கள். பத்துப் பேருக்கு முன்னால் கொர்னேல் சொன்னான்: "அவங்க ரேடியோவுக்குப் பாடுறவனுக்கு அவங்களே மருந்து குடுப்பாங்க." அது சண்டைக்கு முன்னால் பதிவு செய்த பாட்டு என்று மாமா மன்றாடினார். தெக்லா இன்னொன்றும் சொன்னாள். "அதுல குழாயச் செருப்பால அடிக்கிற சத்தம் கேக்குது. இப்போ யார்கிட்ட செருப்பு இருக்கு? எல்லாரும் தென்னமட்டையாலதானே அடிக்கிறோம்?" கொர்னேல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காலில் அன்றும் இந்த நீலச் செருப்பு இருந்தது.

அவன் ஏன் தரையைப் பார்த்தான் என்று திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குப் புரியவில்லை. இப்போது அவன் பிணத்தின் முன்னால் நிற்கிறதையும், அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் சாய்ந்த மூங்கில் குழாய்களைப் பார்க்கிறதையும் கண்டபோது புரிந்தது.

அந்தப் பாட்டில் தடித்த குழாய்களை அடித்தவன் கொர்னேல். ரேடியோ ஸ்டேஷனில் பதிவு செய்தபோது கடைசி அடியில் செருப்பு அவன் கையிலிருந்து நழுவிப் பறந்து, பதிவு செய்கிறவரின் மண்டையில் விழுந்ததாம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. அண்ணன் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறான். பாட்டு எவ்வளவு பழையது என்று கொர்னேலுக்குத் தெரியாதா? அதைச் சொன்னால் தன் அடியும் எதிரியின் ரேடியோவில் கேட்கிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வந்த இந்தப் பையன்களுக்கு அது தெரியாது.

கொர்னேல் தொண்டையைச் செருமினான். "மாமா, அம்ப்ரோஸ் நம்ம ஆளு. தப்பா நினைச்சுட்டோம். இன்னிக்குச் சாயங்காலம் நம்ம ரேடியோல சொல்றோம். வீரனா போனான்னு. காவல்ல நிக்கும்போது குண்டு பட்டுச்சுன்னு."

"குண்டா?" என்றாள் தெக்லா. "அவன் பன்றியக்கூடச் சுட்டதில்ல."

"காய்ச்சல்னு சொன்னா நல்லா இருக்காதும்மா. மருந்து இல்லன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சிரும். ஜனங்க எல்லாம் மாத்திரைக்காக இறங்கிப் போயிருவாங்க."

"மருந்து இருந்துச்சே!"

ஒரு ஈ அண்ணனின் உதட்டில் உட்கார்ந்தது. மாமா விசிறினார்.

தெக்லா வாசலுக்குப் போனாள். ஒரு நீலச் செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "ஏய், என்னடி பண்றே?" என்று மாமா எழுவதற்குள், தடித்த குழாயின் வாயில் படிந்திருந்த ஒட்டடையோடு சேர்த்து ஓங்கி அடித்தாள்.

தும்.

பெண்கள் அதிர்ந்தார்கள். துக்கம் முடிக்கும் விருந்துச் சோறு ஆகும்வரை இந்த வீட்டில் யாரும் ஒரு பாட்டை முனகக்கூடக் கூடாது. அவள் மறுபடி அடித்தாள். மறுபடியும்.

"அட," என்றான் இளைய பையன். "ரேடியோல வர்ற அதே சத்தம்ணே! மட்டையால அடிச்சா இப்படி வராதுல்ல? அப்போ அது பழைய பாட்டுத்தானே? யாருண்ணே இப்படி அடிச்சது, செம அடி!"

கொர்னேலின் நெற்றி வேர்த்தது.

தெக்லா வாயைத் திறந்தாள். ஒரு பேர் சொன்னால் போதும். போன மழைக்காலத்தில் இப்படித்தான் எதிரியின் ஆள் என்று யாரோ ஒரு பேரைச் சொன்னார்கள். அந்த ஆளை ஆற்றுப் பக்கம் கூட்டிப் போனார்கள். அவருடைய தொப்பி மட்டும் திரும்பி வந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. அந்தத் தொப்பியை நினைத்தபோதுகூட.

கொர்னேல் அவள் பக்கத்தில் குனிந்து, செருப்பை வாங்குவதுபோலக் கை நீட்டினான். குரல் மூச்சாகத்தான் வந்தது. "தெக்லா. உங்கம்மா கீழ முகாம்லதானே இருக்காங்க? ரேடியோல பேர் சொல்லித்தான் அவங்களுக்குத் தெரியணும். வேற வழி இருக்கா? நான் இல்லன்னா யார் சொல்லுவா?"

சிப்பாய்கள் தோட்டத்துக்கு வந்த நாளில் அம்மா கைக்குழந்தையோடு கடற்கரைப் பக்கம் ஓடினாள். இவர்கள் மலைப்பக்கம் ஓடினார்கள். மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. இந்த மாதம் பூராவும் அம்மா தன் மகன் ஏதோ ஒரு முகாமில் சோறு தின்கிறான் என்று ரேடியோவில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முகாம் முகாமாகப் போய்க்கூட விசாரித்திருப்பாள்.

"காய்ச்சல்னு சொல்லு," என்றாள் தெக்லா.

"முடியாதும்மா."

"அம்மா பேரையாவது சொல்லு. பெலிசித்தா மகன்னு."

"சொல்றேன்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். செருப்பை அவனிடம் கொடுக்கவில்லை. அவன் காலடியில் எறிந்தாள்.

பிற்பகலில் கதவைப் பிரித்துச் செய்த பெட்டியில் வைத்து அம்ப்ரோஸைப் புதைத்தார்கள். கொர்னேலும் மண் தள்ளினான். எல்லோருக்கும் முன்னால் அழுதான். அந்த அழுகை நிஜம் என்று தெக்லாவுக்குத் தெரிந்தது. அதனாலேயே கல்லை எடுத்து அடிக்கலாம் போல இருந்தது. போகும்போது அவன் வெறுங்காலோடு போனான். செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று உள்ளேயும் கிடந்தது. யாரும் தொடவில்லை.

சாயங்காலம் மாமா பேட்டரிகளை அடுப்போரம் சூடாக்கிப் போட்டார். குமிழ் இல்லாத தண்டைக் குறட்டால் பிடித்துத் திருகினார். செத்த வீட்டில் பாட்டு கூடாது என்று இப்போது அவர் சொல்லவில்லை.

முதலில் அரசாங்க ஸ்டேஷன் வந்தது. டின் மீன், மருந்து, இறங்கி வாருங்கள். மாமா காறித் துப்பிவிட்டு இன்னும் திருகினார். இரைச்சல். இரைச்சலுக்குள்ளே மலைமேலிருந்து ஒரு பையனின் குரல், மூச்சு வாங்க வாங்கப் படித்தது: "பெலிசித்தாவின் மகன் மாவீரன் அம்ப்ரோஸ், துப்பாக்கி ஏந்திய கையோடு, நெஞ்சில் குண்டு வாங்கி..."

"நெஞ்சிலயாம்," என்றாள் தெக்லா.

"பேரைச் சொல்லிட்டான்ல," என்றார் மாமா. "அது போதும்டி."

பிறகு அவர்களும் அதே பாட்டைப் போட்டார்கள். பதிவு செய்த நாடா மலைமேல் இருப்பவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று மாமா கேட்கவில்லை. தும் தும்மென்று கொர்னேல் அடித்தான். சிரிப்பு வரும் இடம் நெருங்கியது. தெக்லா காதைப் பொத்தத் தூக்கிய கையைப் பாதியிலேயே நிறுத்தினாள்.

"மாமா."

"என்னம்மா?"

"முகாம்ல இந்த ஸ்டேஷனக் கேக்க விடுவாங்களா?"