ஜூலை இருபதில் பிறந்தவர்கள்

மலேசியாவில் ரந்தாவுக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளி ஒன்றில் தனலெட்சுமி நான்காம் ஆண்டு வகுப்பு ஆசிரியை. மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறிவிப்புப் பலகை அவள் பொறுப்பு. ‘இந்த நாளில்’ என்று அதற்குப் பெயர். அன்றைய தேதியில் உலகத்தில் என்ன நடந்தது, யார் பிறந்தார்கள் என்று ஐந்தாறு வரி எழுதித் தினமும் ஒட்டுவாள். பள்ளியில் யாருக்காவது பிறந்த நாள் என்றால் கடைசி வரியில் அந்தப் பெயரும் வரும். தங்கள் பெயரைப் பார்ப்பதற்காகவே சில பிள்ளைகள் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் புவனேஸ்வரன் கையில் ஒரு படத்தோடு வந்தார். மண்டபத்துக்கு மின்விசிறி போட்டுக் கொடுத்தவர். பள்ளியில் யாரும் அவரிடம் குரலை உயர்த்துவதில்லை.

“டீச்சர், திங்கட்கிழமை ஜூலை இருபது. எங்கப்பாவுக்குத் தொண்ணூறாவது பிறந்த நாள். இருந்திருந்தா கொண்டாடியிருப்போம். இந்தப் படத்தை உங்க போர்டுல போட்டுடுங்க.”

காக்கிக் கால்சட்டை, தொப்பி, கையில் ஒரு பிரம்பு. படத்துக்குக் கீழே ‘தோட்ட மக்களின் காவலர் நல்லசாமி’ என்று அச்சடித்திருந்தது.

தனலெட்சுமி படத்தை வாங்கவில்லை.

“முடியாது சார்.”

“என்ன முடியாது?”

“இந்த ஆளைக் காவலர்னு நான் ஒட்ட மாட்டேன்.”

சத்தம் கேட்டு, தலைமையாசிரியர் நாகராஜன் இரண்டு பேரையும் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“ஒரு படம்தானே டீச்சர், ஒரு நாள்தானே,” என்றார் நாகராஜன்.

“எனக்கும் ஜூலை இருபதுதான் சார் பிறந்த நாள். தொண்ணூறாம் வருஷம். எங்க பிறந்தேன்னு இவருகிட்டயே கேளுங்க.”

புவனேஸ்வரன் அவளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். “நீ செல்லம்மா மகளா?”

தோட்டம் கைமாறிய வருஷம் அது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மாற்று வீடு கொடுத்தால்தான் போவோம் என்று ஐந்து குடும்பங்கள் உட்கார்ந்துவிட்டன. அதில் ஒன்று செல்லம்மாவுடையது. ஜூலை இருபது காலை, தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமி ஆட்களோடு வந்து ஐந்து வீட்டுக் கூரைத் தகரத்தையும் பிரித்துப்போட்டார். செல்லம்மாவுக்கு விடியலிலேயே வலி கண்டிருந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நான்கு பெண்கள் நான்கு மூலையில் நின்று தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்க, அதற்குக் கீழே தனலெட்சுமி பிறந்தாள். அன்று சாயங்காலம் மண்டோர் வீட்டில் பிறந்த நாள் விருந்தும் நடந்தது.

இதையெல்லாம் அவள் தலைமையாசிரியரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“கம்பெனி சொன்னதை எங்கப்பா செஞ்சாரு,” என்றார் புவனேஸ்வரன். “செய்யலன்னா அவரையும் தூக்கிப் போட்டிருப்பான். அஞ்சு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு அவரு எங்க போவாரு? உங்கம்மாதான் பிடிவாதக்காரி. ஊரே காலி பண்ணுச்சு லா.”

“எங்க வீட்டுல மட்டும் ஏழு தகரம் பிரிச்சாரு உங்கப்பா.”

“ஏழு இல்ல, ஆறு!” புவனேஸ்வரன் மேசையில் அடித்தார். “எனக்குத் தெரியாதா? நான்தான் மேல ஏறிப் பிரிச்சேன்.”

நாகராஜன் பேனாவைக் கீழே வைத்தார்.

புவனேஸ்வரனுக்கு முகம் கறுத்துவிட்டது. “எனக்கு அப்ப பதினெட்டு வயசு. அப்பா ஏணியப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. ஏறுன்னாரு, ஏறுனேன்.”

“உள்ள ஒருத்தி வலியில கத்துனது கேக்கலையா?”

“மழைச் சத்தத்துல என்ன கேக்கும்?”

“மழை மத்தியானம்தான் வந்துச்சு. நீங்க காலையில ஏறுனீங்க.”

அவர் படத்தை மேசையில் போட்டுவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “திங்கட்கிழமை எங்கப்பா படம் போர்டுல இருக்கணும். இல்லன்னா கல்வி இலாகாவுக்குக் கடிதம் போகும். டீச்சரு வேற பள்ளிக்கூடம் பாத்துக்க வேண்டியதுதான்.” கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது செல்லம்மா மெச்சிக்கொள்வாள் என்றுதான் தனலெட்சுமி நினைத்தாள். செல்லம்மா கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள்.

“நான் முக்கிக்கிட்டுக் கெடந்தத ரெண்டு ஆம்பளைங்க முன்னால உக்காந்து சொல்லிட்டு வந்தியா? உனக்குக் கூச்சமில்ல? நான் யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கேனா?”

“அவங்க செஞ்சதுக்கு நீ ஏம்மா கூச்சப்படணும்?”

“என் பேரு எங்கயும் வரக்கூடாது. வந்துச்சு, உன்கூட இருக்க மாட்டேன்.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மா அவளோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். படத்தை ஒட்டாமல் விட்டுவிடலாமா என்று தனலெட்சுமி பலமுறை யோசித்தாள். ஒட்டாவிட்டால் அவரே வந்து ஒட்டுவார். காவலர் என்று பிள்ளைகள் படிப்பார்கள். அந்த ஐந்து வீட்டுப் பேரப்பிள்ளைகள் மூன்று பேர் இதே பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு முன்பே பலகையில் ஒரே பெரிய தாளை ஒட்டினாள்.

‘1969: மனிதன் நிலவில் இறங்கினான். (மலேசியாவில் அப்போது 21-ஆம் தேதி விடிகாலை.)
1976: வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் இறங்கியது.
1990: நம் பக்கத்துத் தோட்டத்தில், ஆட்கள் உள்ளே இருக்கும்போதே ஐந்து வீடுகளின் கூரை பிரிக்கப்பட்டது. ஒரு வீட்டில் அன்று ஒரு குழந்தை பிறந்தது.
பிறந்தவர்கள்: எட்மண்ட் ஹிலாரி, 1919. தோட்ட மண்டோர் நல்லசாமி, 1936.’

கீழே நல்லசாமியின் படத்தையும் ஒட்டியிருந்தாள். காவலர் என்ற வரியை மட்டும் கத்தரித்திருந்தாள்.

புவனேஸ்வரன் வரும்போது பலகையைச் சுற்றி இருபது பிள்ளைகளாவது நின்றார்கள். படத்தைப் பார்த்ததும் முதலில் அவர் முகம் மலர்ந்தது. மேலே படித்தார். பிறகு பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போய்த் தாளின் மேல் முனையைப் பிடித்து இழுத்தார். தாள் முழுவதும் கிழிந்து வந்தது. அப்பாவின் படமும் தோளோடு இரண்டாகக் கிழிந்தது.

“ஐயா, இன்னும் எழுதி முடிக்கல,” என்றாள் புனிதா என்ற மூன்றாம் ஆண்டுச் சிறுமி, கையில் பென்சிலோடு.

அவர் கிழிந்த படத்தைச் சட்டைப் பைக்குள் திணித்தார். தூணோரம் நின்ற தனலெட்சுமியைப் பார்த்து, “உன்னை இந்தப் பள்ளிக்கூடத்துல வச்சேன்னா பாரு,” என்றார்.

அன்று ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை தாயம்மா தட்டைக் கழுவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: “மூணாவது வீடு எங்க வீடு, டீச்சர். பிரிச்ச தகரத்த லாரியில ஏத்திட்டுப் போயிட்டானுங்க.” இத்தனை வருஷமாக தனலெட்சுமிக்குத் தினமும் தேநீர் போட்டுக் கொடுத்தவள் அதைச் சொன்னது அன்றுதான்.

கடிதம் போனது. பலகையில் எழுதியது உண்மையா என்று இலாகா நாகராஜனைக் கேட்டது. அவர் தனலெட்சுமியின் பிறப்புப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் மருத்துவமனை இல்லை. தோட்டத்தின் பெயரும் லயத்து வீட்டு எண்ணும் இருந்தன. ஒரு நாள் முழுக்க அதை மேசையில் வைத்திருந்தார். பிறகு நகலெடுத்து, “உண்மை. தலைவரே என் முன்னிலையில் ஒப்புக்கொண்டார்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவரிடமிருந்து இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. புவனேஸ்வரன் அதன்பிறகு அவர் அறைப் பக்கமே போகவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆசிரியைக்கு மாற்றல் இல்லை. ஆனால் பலகையில் இனி தலைமையாசிரியர் பார்த்த பிறகே எதையும் ஒட்ட வேண்டும்.

தனலெட்சுமி அதை அம்மாவிடம் சொன்னாள். செல்லம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அன்னைக்குக் கிழிச்சான்னியே, யாரு முன்னால?”

“பிள்ளைங்க எல்லாரும் நின்னாங்க.”

“நல்லாப் பாத்தாங்களா?”

“பாத்தாங்க.”

செல்லம்மா முறத்தை அவள் பக்கம் தள்ளினாள். “தண்டக் கிள்ளிப் போடு. முத்தலா இருக்கு.”

புவனேஸ்வரன்தான் இன்னும் தலைவர். சுதந்திர தின விழாவில் பரிசு கொடுக்க மேடையில் உட்கார்ந்திருந்தார். புவனேஸ்வரன் கையால் பரிசு வாங்க, அறிவிப்பாளர் தனலெட்சுமி டீச்சரை மேடைக்கு இரண்டு முறை கூப்பிட்டார். அவள் தன் வகுப்புப் பிள்ளைகளோடு பின்வரிசையிலேயே நின்றாள். புவனேஸ்வரனும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.