நாளுக்கு ஒரு ராத்திரி

நான்காவது மெத்தையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. முப்பத்தெட்டு வருடம் சிமென்ட் மூட்டை சுமந்த இடுப்பு. அதற்கெல்லாம் சும்மா இருந்துவிட்டு, யாரோ படுத்து எழுந்த மெத்தைக்குக் கோபித்துக்கொண்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி குனிந்தே நின்றேன். நிமிர்ந்தால் உயிர் போய்விடும் போலிருந்தது.

"தள்ளுங்க," என்றாள் என் மனைவி. "மாடி மாடியா செங்கல் ஏத்தினவராம். ஒரு மெத்தைக்கு முக்குறாரு."

"செங்கல் பேசாம கூட வரும். இதுல ராத்திரி படுத்த தடியன் இன்னும் எழுந்திருக்கல."

அவள் சிரிக்கவில்லை. மணி பன்னிரண்டே கால். பதினோரு மணிக்கு ஒரு கூட்டம் கிளம்பும், இரண்டு மணிக்கு அடுத்த கூட்டம் வரும். நடுவில் உள்ள மூன்று மணி நேரம்தான் அந்த வீடு எங்கள் கைக்கு வருவது. ஆறு விரிப்பு, எட்டுத் தலையணை உறை, இரண்டு குளியலறை, அடுப்பு மேடை, தண்ணீர் போகும் துளையில் சுருண்டு கிடக்கும் தலைமுடி. நான் கட்டிய வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்ததில்லை.

கொத்தனாருக்கு மலைமேல் விடுமுறை வீடு என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். ஒரு ஒப்பந்தக்காரர் ஒன்றரை வருடக் கூலியை இழுத்தடித்துவிட்டு, கடைசியில் காசில்லை, இதை வைத்துக்கொள் என்று சரிவில் ஒரு துண்டு நிலத்தை எழுதிக் கொடுத்தார். ஆடுகூட நிற்க யோசிக்கும் இடம். ஆனால் கீழே ஏரி முழுசாகத் தெரியும். அடிவார ஊரில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, வேலையில்லாத நாட்களில் மேலே ஏறி, ஆறு வருடத்தில் கட்டினேன். பாதியில் வங்கிக் கடன் வாங்கினேன். மூன்று அறை. வாசலுக்கு ஏற பதினொரு கல்படி.

இப்போதும் வாரத்தில் நாலு நாள் கட்டட வேலைக்குப் போகிறேன். அங்கே கேட்பார்கள்: "என்ன முதலாளி, வீட்டை டூரிஸ்டுக்கு விட்டா லாபமா?" லாபம்தான். சீசனில் மூன்று மாதம் ஆள் ஓடினால் வருடம் முழுக்க வங்கிக்காரன் வாயை அடைக்கலாம். ஆள் புழங்குவதால் வீடும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கிறது. அந்தக் காசில்தான் ஒழுகின கூரையை மாற்றினேன், மகளைப் படிக்க வைத்தேன். ஆனால் அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. மாதம் ஒரு குழாய் உடையும். துண்டுகள் பெட்டியோடு பெட்டியாக ஊர் போய்ச் சேரும். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று நம்மைத் திட்டுவார். வந்தவன், ஆள் பிடித்துத் தருகிற போன் ஆப்பில் நட்சத்திரம் போடுவான். ஒரு நட்சத்திரம் குறைந்தால் அடுத்த மாதம் இரண்டு கூட்டம் குறையும். வந்த கூட்டத்தை நாமே வேண்டாம் என்றால் அபராதம் வேறு, வீட்டைப் பட்டியலின் அடியில் தள்ளிவிடுவார்கள். இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்வேன். ஒன்றை மட்டும் சொல்வதில்லை. அது அண்ணன் விஷயம்.

அண்ணன் கல் அறுக்கிறவர். படியும் தரையும் அவர் கை. எங்கள் தொழிலில் சொந்தக்காரன் வீட்டு வேலைக்குக் கூலி கிடையாது. நீ என் வீட்டில் நின்ற நாளை நான் உன் வீட்டில் நின்று கழிக்க வேண்டும். ஆனால் அண்ணனுக்குக் கட்ட ஒரு சாண் நிலம் கிடையாது. நகரத்தில் ஒற்றை அறை வாடகை.

"எனக்கு எந்தச் சுவத்தக் கட்டிடா நீ கழிப்ப?" என்று அவரே சிரித்தார். "ஒண்ணு செய். ஒரு நாளுக்கு ஒரு ராத்திரி. வயசானப்புறம் வந்து இந்த ஜன்னல் பக்கம் காலை நீட்டிப் படுத்துக்கறேன். நீ வந்து எழுப்பக் கூடாது."

"எழுப்பறது என்ன, டீயே கொண்டாந்து வைக்கிறேன்ணே."

அப்போது மேலே தண்ணீர் இணைப்பு வரவில்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். குடத்தில் சுமந்த தண்ணீர் கலவைக்கே போதாது. அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உலர்வாகவே அறுத்தார். சாயங்காலம் இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். முகம் கழுவும் முன் ஜன்னல் அறைக் கதவுக்குப் பின்னால், பூசிய சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான் எங்கள் பத்திரம். பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்த இரண்டு சாண் இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

போன சீசனில் வந்த ஒருவர் அதைப் படமெடுத்துப் போட்டார். 'கதவுக்குப் பின்னால் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள். அருவருப்பாக இருக்கிறது. மூன்று நட்சத்திரம்.' அடுத்த கூட்டம் இரண்டு மணிக்கு. அந்தக் குறை என் கண்ணில் பட்டபோது மணி ஒன்றே கால். மிச்சமிருந்த பெயின்டை எடுத்து அடித்தேன். முதல் பூச்சில் கோடுகள் தெரிந்தன. இரண்டாவதில் மறைந்தன. அடிக்கும் முன் எண்ணிக்கொள்ளவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். எண்ணுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்த வருடம் சீசன் தொடங்கும் முன் அண்ணன் போன் செய்தார். பேச்சுக்கு நடுவே விசில் மாதிரி மூச்சு.

"நெஞ்சுல கல்லுத் தூசி உறைஞ்சு போச்சாம்டா. நல்ல காத்து வேணும்னு டாக்டர் சொல்றாரு. ஒரு பத்து நாள் வரட்டா?"

"வாண்ணே, உன் வீடு. சீசன் மட்டும் முடியட்டும். எல்லாத் தேதியும் போயிடுச்சு."

"சரி, சரி. முடியட்டும்."

மூன்று வாரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, "ரெண்டு கூட்டத்த வேணாம்னு சொல்லுங்க. குடியா முழுகிடும்?" என்றாள். தவணை தவறினால் முழுகும் என்றேன். "உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாவது முறை அண்ணன் போன் செய்யவில்லை. உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நமக்கு வசதியானதைத்தானே நினைப்போம்.

இடுப்பு பிடித்த அன்று வரவேண்டியவர்கள் இரண்டு பேர், மூன்று இரவு. ஏதோ ஒரு பெண்ணின் பெயர். முழுப் பணமும் முன்பே வந்துவிட்டது. இரண்டு மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. சாவியோடு படியின் மேலே நின்று, முகத்தில் கெஸ்டுக்கான சிரிப்பை மாட்டிக்கொண்டேன். காரிலிருந்து இறங்கியது அண்ணன் மகள். மறுபக்கக் கதவைத் திறந்து அவள் கைகொடுத்து இறக்கியது அண்ணனை.

சட்டைக்குள் ஆளே இல்லை. நான் ஓடி இறங்கினேன்.

"அண்ணே..."

"பையைத் தூக்கு," என்றார். "கெஸ்ட் வந்தா தூக்குவேல்ல?"

தூக்கினேன். பதினொரு படிக்கு நாலு இடத்தில் நின்றார். ஏழாவது படியில் உட்கார்ந்தே விட்டார். கல்லின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"மழுங்கல," என்றார். "நான்தான் மழுங்கிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"ரெண்டு தடவ சொன்னேன்டா."

அண்ணன் மகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "யாரோ ரத்து பண்ணின தேதிய, என்கூட தைக்கிற பொண்ணு பேர்ல போட்டேன் சித்தப்பா. எங்க பேருன்னா நீங்க போன் பண்ணுவீங்க. அப்பா வேணாம்னாரு."

என் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்தாள். "மாமா" என்றாள். அவர் பதில் சொல்ல மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "என்னம்மா, ரூம் ரெடியா? ரெண்டு மணின்னு போட்டிருந்துச்சு." நக்கல்தான். ஆனால் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஜன்னல் அறைக்குள் போனதும் அண்ணன் கட்டிலைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தி, அதன் பின்னால் பார்த்தார். வெள்ளைச் சுவர். உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். தொழில்காரனுக்குக் கை வைத்தால் தெரியும், எது எப்போது அடித்த பூச்சு என்று.

"எப்ப அடிச்ச?"

"போன சீசன்ல. ஒருத்தன் குறை எழுதிட்டான்ணே."

"எத்தன இருந்துச்சு?"

"அறுபது... அறுபது இருக்கும்."

"இருக்குமா?"

பெயின்ட் வாசனை போய் ஒரு வருடமாகிவிட்டது. இருந்தும் எனக்கு மூக்கில் ஏறியது.

"எண்ணலண்ணே," என்றேன்.

அவர் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை. சின்ன வயதில் ஒரு மண்வெட்டியைத் தொலைத்ததற்கு என்னைத் தெரு முழுக்க விரட்டி அடித்தவர். இப்போது ஜன்னலைத் திறக்கச் சொன்னார், அவ்வளவுதான். திறந்தேன். காற்று வந்தது. அதை அவர் சாப்பிடுகிற மாதிரி வாயைத் திறந்து இழுத்தார். பாதிதான் உள்ளே போனது.

"அறுபத்தி மூணு," என்றார். "கடைசி நாள் அரை நாள்தான். நான் முழுக்கோடு போட்டேன். உனக்கு அது தெரியாது."

"நீ கட்டின காசை இப்பவே திருப்பிப் போட்டுடறேன்ணே. தப்பு என் மேலதான்."

"போடாத."

"அண்ணே..."

"போடாதன்னேன்ல. காசு குடுத்தவன் மாதிரி மூணு ராத்திரி படுத்துட்டுப் போறேன். துண்டு பத்தலைன்னா உன்னக் கூப்பிட்டுக் கத்துவேன். நீ வந்து நிக்கணும். அதுக்குத்தான் குடுத்தேன்." இருமல் வந்து பேச்சை அறுத்தது. அடங்கியதும் சொன்னார்: "அந்த அறுபத்தி மூண இதுல கழிச்சுக்கலாம்னு மட்டும் நெனைக்காத."

மூன்று நாளும் நான் கட்டட வேலைக்குப் போகவில்லை. காலையில் மேலே ஏறுவேன். என் மனைவி கஞ்சி வைத்துக் கொடுப்பாள், நான் கொண்டுபோய் வைப்பேன். அண்ணன் ஏரியைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒருமுறைகூடக் கத்தவில்லை. இரண்டாம் நாள் மட்டும், "தலையாணி கல்லு மாதிரி இருக்குடா, நான் அறுத்ததா?" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை.

கடைசி நாள் பத்தரைக்கு நான் போனபோது விரிப்பை மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்திருந்தார். அவர் மகள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் ஏம்மா செய்ற?"

"துடைக்காம போனா எங்களுக்கு நட்சத்திரம் குறைச்சுடுவீங்களே சித்தப்பா."

அண்ணனிடம் போய் நின்றேன். "இன்னும் பத்து நாள் இருண்ணே."

"ரெண்டு மணிக்கு ஆள் வருதா?"

பொய் சொல்லலாம். ஆனால் என் முகம் அவருக்கு மனப்பாடம். "வருது," என்றேன். "ஆறு பேர். வேணாம்னு சொல்லிடறேன்."

"சொல்லு."

போனைக் கையில் எடுத்தேன். அந்த ஆறு பேரும் காலையிலேயே கிளம்பி, பாதி மலை ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தார்கள். இரண்டு கைக்குழந்தை. எட்டு இரவு, இந்த சீசனிலேயே பெரிய தொகை. ரத்துசெய்யும் பொத்தான் சிவப்பாக இருந்தது. கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்தார். பிறகு செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டார்.

"வா, பையைத் தூக்கு."

இறங்கும்போதும் நாலு இடத்தில் நின்றார். காரில் அவரை ஏற்றிவிட்டு அண்ணன் மகள் என் பக்கம் வந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "டாக்டர் மழைக்காலம் தாண்டாதுன்னுட்டாரு சித்தப்பா. பனியும் ஈரமும் அப்பா நெஞ்சுக்கு ஆகாது. உங்க சீசன் முடிஞ்சப்புறம் கூட்டிட்டு வர முடியாது."

எனக்கும் அது தெரிந்ததுதான். மழை பிடித்தால் அந்த மலையில் சுவரே வியர்க்கும். அதனால்தான் யாரும் வருவதில்லை. அதனால்தான் அப்போது வீடு காலியாக இருக்கிறது.

கார் திரும்பியது. கண்ணாடி இறக்கியிருந்தது. அண்ணன் கை ஆட்டவில்லை, சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மேலே என் மனைவி மெத்தையைத் தூக்க என்னைக் கூப்பிட்டாள். போனேன். பதினொன்றே கால் ஆகியிருந்தது.

அவர் படுத்த மூன்று ராத்திரி அவர் காசு கொடுத்து வாங்கியது. அதைக் கழிக்க எனக்கு உரிமையில்லை. அண்ணனுக்கு நான் தர வேண்டியது அறுபத்து மூன்று ராத்திரி.