ஹால்வோர் இரண்டாம் முறை கேட்கவில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. முந்தாநாள் என் மனைவி ஃபொரூஸான் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டே, "நான் ஒரு மடச்சி. ஒரே வார்த்தையில எல்லாத்தையும் கெடுத்துட்டேன்" என்று சொல்லி அழுதாள். அதிலிருந்து திருடியது.

அவள் மொழிபெயர்ப்பாளர். இஸ்பஹானுக்கு வெளியே இருக்கும் அணு நிலையத்துக்கு வெளிநாட்டு ஆய்வாளர்கள் வரும்போதெல்லாம், அவர்களுக்கும் எங்கள் அதிகாரிகளுக்கும் நடுவே நின்று பேசுவாள். நான் வேதியியல் வாத்தியார். கதை எழுதுவது என் பொழுதுபோக்கு. அவளைக் கேட்டால் வியாதி என்பாள்.

2

முதல் தொடக்கம்: "அணு ஆயுதப் பரவலைத் தடுப்பது மனித குலத்தின் தலையாய..."

சீச்சீ. பத்திரிகைத் தலையங்கம்.

இரண்டாவது: "பெஹ்ராங்கின் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது."

இதுதான் சரி. பெஹ்ராங் ஃபொரூஸானின் தம்பி, அதே நிலையத்தில் பொறியாளர். தொழிலாளர்களுக்குக் கதிர்வீச்சுப் பரிசோதனை செய்யுங்கள் என்று ஒரு மனு எழுதினான். தேசப் பாதுகாப்புக்குக் குந்தகம் என்று நாலு வருஷம் சிறைத் தண்டனை போட்டார்கள். பதினான்கு மாதம் ஆகிறது, கால் வீங்கிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். அந்த நிலையத்தை அவனைப்போல நேசித்தவன் கிடையாது. போன வாரம்கூடச் சிறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "மிஷினெல்லாம் நல்லா ஓடுதா அக்கா?" என்று கேட்டான்.

[எங்கள் நாட்டுக்கு அணுசக்தி உரிமை உண்டா என்று கேட்டால் நானும் உண்டு என்றுதான் சொல்வேன். ஆய்வாளர்கள் வரட்டும் என்றும் சொல்வேன். ஒரு கிராம் யுரேனியம் குறைந்தால் அவர்கள் உலகத்தையே எழுப்பிவிடுவார்கள். ஒரு பொறியாளர் குறைந்ததை எழுத அவர்கள் படிவத்தில் இடம் இல்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.]

3

புதன்கிழமை நடந்தது இவ்வளவுதான். மதியச் சாப்பாடு. யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்க்கக் கூடவே இருக்கும் அதிகாரி கை கழுவ எழுந்து போனார். ஹால்வோர் என்ற நார்வேக்காரர், ஆறு வருஷமாக வருகிற ஆய்வாளர், ஃபொரூஸானிடம் மெதுவாகக் கேட்டார்:

"உங்க முகமே சரியில்ல. நான் ஏதாவது செய்யணுமா?"

"ஐயோ, ஒண்ணுமில்ல. நீங்க கேட்டதே போதும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எங்கள் ஊரில் ஒரு கோப்பைத் தேநீரைக்கூட யாரும் முதல் தடவையே வாங்கிக்கொள்ள மாட்டோம். வேண்டாம் என்போம், அவர்கள் வற்புறுத்துவார்கள், மறுபடி வேண்டாம் என்போம், மூன்றாவது தடவைதான் கை நீளும். பழகிப்போன வாய். ஹால்வோர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மரியாதையாகத் தலையசைத்துவிட்டுச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். அதிகாரி வந்துவிட்டார்.

4

திருத்தம் செய்தேன். ஹால்வோரை மூன்று தடவை கேட்க வைத்துப் படித்துக் காட்டினேன். அழுத கண்ணோடு சிரித்தாள்.

"உன் ஹால்வோர் நம்ம மளிகைக் கடைக்காரர் மாதிரில்ல பேசுறாரு! சரி, நான் தம்பி விஷயத்தச் சொல்லிட்டேன்னே வை. அப்புறம்? அதையும் எழுது, வாத்தியாரே."

முடிவு அ: ஹால்வோர் தன் மேலிடத்தில் பேச, அந்த மேலிடம் இன்னொரு மேலிடத்தில் பேச, பெஹ்ராங் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறை சொல்கிறான்.

முடிவு ஆ: அவள் சொன்னது அதிகாரி காதில் விழுந்துவிடுகிறது. பெஹ்ராங் இனிமேல் உளவாளியின் தம்பி. ஃபொரூஸானை அன்றைக்கே வாசலில் வைத்து

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

"ரெண்டாவதுதான் நிஜம் மாதிரி இருக்கு" என்றாள்.

"அப்ப வாயத் தெறக்காத."

"அவன் என் தம்பிப்பா."

"நாட்டை வெளியாள்கிட்டக் காட்டிக் குடுக்காதன்னு அவனே திட்டுவான்."

"திட்டுவான், கழுதை. உசிரோட இருந்து திட்டட்டும்."

பேனாவை மூடி வைத்தேன். எத்தனை கதை எழுதி என்ன!

5

இன்று சனிக்கிழமை. ஹால்வோருக்கு இது கடைசி நாள். இனி வசந்த காலத்தில்தான் வருவார். பெஹ்ராங்குக்கு அவ்வளவு நாள் இருக்கிறதா என்று சிறை மருத்துவரே சந்தேகப்பட்டாராம்.

ஃபொரூஸான் காலையில் நின்றுகொண்டே தேநீர் குடித்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "பருப்பு ஊறப் போட்டிருக்கேன், கத எழுதிக்கிட்டே மறந்துடாத" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு வண்டியேறிப் போய்விட்டாள். பேசப்போகிறாளா என்று அவளும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

ஆகவே வாசகரே, மீதி உங்கள் பாடு. அவள் பேசினாளா, பேச்சை விழுங்கிவிட்டாளா, உங்கள் இஷ்டப்படி முடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஐந்து மணிக்கு அவளைப் பத்திரமாக என்னிடம் அனுப்பிவிடுங்கள். அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஆகாது.

இப்போதுதான் மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பெஹ்ராங்குக்காக உங்களிடம் நான் எதுவுமே கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. திருத்திவிடலாம், திருத்தப்போவதில்லை. அவளே வந்து இதைப் படிக்கட்டும், படித்துவிட்டு என்னை நாலு வார்த்தை கேட்கட்டும்.