கப்பல் துரைக்கு இன்னொரு பொட்டு

மலாயாவின் லுக்குட் ஊருக்கும் கடலுக்கும் நடுவே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டுப் பெண்களின் ரவிக்கையும் பிள்ளைகளின் கால்சட்டையும் அமிர்தலிங்கத்தின் கையால்தான் ஆகவேண்டும். அந்தக் கை ஒரு காலத்தில் சிங்கப்பூர்க் கடற்படைத் துறைமுகத்தில் கொடி தைத்த கை. அவருக்குக் கடற்படையின் சரித்திரமெல்லாம் துணியாகத்தான் தெரியும்.

கீழ்த்திசைக் கடல்களை ஆளும் பிரிட்டிஷ் தளபதி முதலில் ஹாங்காங்கில் இருந்தார். பிறகு சிங்கப்பூருக்கு வந்தார். ஜப்பான்காரன் வந்தபோது அந்தத் தலைமை ஜாவாவுக்குப் போய், இலங்கைக்குப் போய், ஆப்பிரிக்கக் கரைவரைக்கும் போய், யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்து பழைய கம்பத்திலேயே கொடியேற்றியது. ஊர் ஊராய் அலைந்தாலும் கொடி மட்டும் மாறவில்லை என்பதில் அமிர்தலிங்கத்துக்கு ஒரு பெருமை.

வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, அதுதான் தளபதியின் கொடி. சிலுவைக்குப் பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு சிவப்பு வட்டங்கள் இருந்தால் அவர் தளபதிகளில் இளையவர். மேலே ஒரே வட்டம் என்றால் அவருக்கும் பெரியவர். வட்டமே இல்லாத வெறும் சிலுவை என்றால் எல்லோருக்கும் பெரியவர். உயர உயர மனிதன் தன் மேலிருப்பதை ஒவ்வொன்றாக இறக்கிவைக்க வேண்டும் என்று இந்தக் கப்பல்காரர்களுக்கு எந்தச் சாமி சொல்லிக் கொடுத்ததோ என்று அவர் நினைத்துக்கொள்வார். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. தைக்கிறவனுக்குப் பேச்சு எதற்கு?

அவசரகாலம் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி எழும்பியது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, வேகவைத்த சோறுகூட வாசலைத் தாண்டக்கூடாது என்றார்கள். வேலியை அளந்து போட்டவர்கள் முனியாண்டி சாமியை அளக்க மறந்துவிட்டார்கள். சாமி வெளியே, ரப்பர் மரங்களின் ஓரத்தில் தனியாக நின்றார்.

வெள்ளிக்கிழமைப் படையல் போடுவது அமிர்தலிங்கத்தின் மருமகன் அர்ச்சுனன் வீட்டு முறை. ஒரு கைப்பிடி சோறு, ஒரு சுருட்டு, அவ்வளவுதான். அதை இலையில் மடித்து மடியில் கட்டிக்கொண்டு அவன் போவான். புதிதாக வந்த இளம் இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் நின்று எல்லோரையும் தானே சோதித்தார். மடியிலிருந்து சோறு வந்தது. கூடவே சுருட்டும் வந்தது.

"காட்டுக்காரனுக்குச் சோறு, சாப்பிட்ட பிறகு புகைக்கச் சுருட்டு. மாமியார் வீட்டு விருந்துதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அர்ச்சுனன் சொன்னதை யாரும் கேட்கவில்லை, போலீஸ் நிலையத்தில் அடைத்துவிட்டார்கள். அவனைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பலேற்றி ஊருக்குத் துரத்திவிடப் போகிறார்கள் என்று பேச்சு. ஊர் எது? அவன் பிறந்ததே இந்த லயத்தில்தான்.

இந்த வேளையில்தான் தோட்டக் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசு ஓடிவந்தார்.

"அமிர்தலிங்கண்ணே, சிங்கப்பூர்லேருந்து பெரிய கப்பல் தொரை போர்ட்டிக்சனுக்கு வர்றாரு. கரையோரத் தோட்டமெல்லாம் பாக்கணுமாம். நம்ம பங்களாவுல தேத்தண்ணி. கம்பத்துல அவரு கொடி பறக்கணும்னு நம்ம தொரை ஆசப்படுறாரு. ஒங்களால முடியும்லா?"

"எத்தன வட்டம்?" என்று கேட்டார் அமிர்தலிங்கம்.

"என்னது?"

"ரெண்டா, ஒண்ணா?"

கிராணி விசாரித்துவிட்டு வந்து சொன்னார். போன மாதம்வரை இரண்டாம். இப்போது பதவி உயர்ந்து ஒன்றாம்.

அமிர்தலிங்கம் தைக்க உட்கார்ந்தார். மகள் மயிலம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"யப்பா, கொடி குடுக்கறப்ப அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுப்பா. அவரு எம்மாம் பெரியவரு!"

"கடல்தாம்மா அவருது. கரை அவருது இல்ல. அவரு போலீசுக்கு உத்தரவு போட முடியாது. கொடியத் தச்சுக் குடுத்துட்டு இத செய்யி அத செய்யின்னா, அது மரியாதையா?"

"ஒம் மரியாதைய வச்சு நான் சோறாக்கவா?" என்றாள் அவள்.

அமிர்தலிங்கம் கொடியை முடித்து, இஸ்திரிப் பெட்டி போடும்படி அவளிடம் கொடுத்துவிட்டு, பங்களாவில் கம்பத்துக் கயிற்றைச் சரிபார்க்கப் போனார். திரும்பி வந்தபோது கொடி அழகாக மடித்து வைத்திருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு காலையில் புறப்பட்டார். மயிலம்மாளும் பின்னாலேயே வந்தாள்.

பங்களா முற்றத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் விறைப்பாக நின்றார். வாசல்காவல் காக்கும் மலாய்க்காரர் யூசோப் துப்பாக்கியோடு ஓரமாக நின்றார். தளபதியின் மோட்டார் வந்து நின்றது. வெள்ளை உடுப்பு, வெயிலில் சிவந்த மூக்கு, களைத்த கண்கள். அவர் இறங்கியதும் தோட்டத்துக் கங்காணியான மண்டோர் கயிற்றை இழுத்தான். கொடி ஏறிற்று, காற்றில் விரிந்தது.

இரண்டு வட்டங்கள்.

அமிர்தலிங்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். தான் தைத்தது ஒன்று. கீழே இருந்த இரண்டாவது வட்டம் வேறு சிவப்பு, குங்குமச் சிவப்பு. மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய கல்யாணச் சேலையின் முந்தானை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தது.

தோட்டத் துரையின் முகம் வெளுத்தது. பெரியவரைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் ஒரு படி கீழே இறக்கிவிட்டார்களே! "எறக்கு, எறக்கு!" என்று மண்டோரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அமிர்தலிங்கம் முன்னால் போய்க் கைகூப்பினார். "தப்பு என்னுதுங்க தொரை. நாந்தான் தச்சேன்."

"இல்ல, நானு" என்று மயிலம்மாள் அவரைத் தாண்டி வந்தாள். "யப்பாவுக்குத் தெரியாது. மேல ஒரு பொட்டு இருந்துச்சு, கீழ வெறிச்சுன்னு கெடந்துச்சு. பெரியவருக்கு ஒத்தப் பொட்டு போதுமா? அதான் எங் கல்யாணச் சேலயில வெட்டி இன்னொண்ணு வச்சேன். மரியாதையாத்தான் வச்சேன்."

கிராணி உதறலோடு அதை ஆங்கிலத்தில் சொன்னார். தளபதி கொடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெல்லத் தன் தொப்பியைக் கழற்றினார்.

"இரண்டு வட்டத்தோடு நெடுநாள் இருந்தேன்" என்றார் அவர். "ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். பதவி உயர்வு என்றார்கள். எனக்கென்னவோ பழையதுதான் பிடித்திருந்தது. இந்த அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடி அப்படியே பறக்கட்டும். போகும்போது அதை என்னோடு கொண்டுபோகிறேன்."

கிராணி அதைத் தமிழில் சொன்னதும் கூட்டம் சிரித்தது. பெரியவர் ஒருவர் தன் மானத்தைப் பொருட்படுத்தாமல் ஒரு ஏழைப் பெண்ணின் மானத்தைக் காப்பாற்றினால், அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பழைய மனிதர்களாக இருக்க முடிவதில்லை. அமிர்தலிங்கம் அதைக் கண்ணால் பார்த்தார். ஓரத்தில் நின்ற யூசோப் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றார்.

"துவான், நானும் ஒன்று சொல்லவேண்டும்" என்றார் மலாயில். "இந்தப் பெண்ணின் புருஷன் வெள்ளிதோறும் சோறு கொண்டுபோவது எனக்குத் தெரியும். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சாமிக்கு வைத்துவிட்டுக் கும்பிட்டு வந்தான். அதனால் விட்டுவிட்டேன். நீங்கள் பிடித்த அன்று வேலை போய்விடுமென்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்."

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. எல்லோரும் தளபதியைப் பார்த்தார்கள். தளபதி உத்தரவு போடவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சாமியை நானும் பார்க்கலாமா, இன்ஸ்பெக்டர்? உங்களுக்கு நேரம் இருந்தால் மட்டும்" என்று கேட்டார். அவ்வளவுதான்.

வேலிக்கு வெளியே எல்லோரும் நடந்தார்கள். முனியாண்டியின் காலடியில் காய்ந்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. எறும்பு தின்று மீந்த பருக்கைகள். மழையில் ஊறிப் பிரிந்துபோன சுருட்டுகள், ஒன்றைக்கூட மனிதர் யாரும் பற்றவைத்துப் புகைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து ஒரு சுருட்டை எடுத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். மனம் கல் இல்லை, வயசுதான் சின்னது.

"யூசோப், அடுத்த தடவை பயப்படாமல் முதலிலேயே சொல்" என்றார். பிறகு கிராணியிடம், "அவன் இன்று வீட்டுக்கு வருவான்" என்றார்.

மயிலம்மாள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய்வதற்குள் அர்ச்சுனன் லயத்துக்கு வந்து சேர்ந்தான். இரண்டு வட்டக் கொடி கப்பலேறிப் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அர்ச்சுனன் இலைப்பொட்டலத்தை மடியில் மறைக்கவில்லை. கையிலேந்தி வாசலுக்குப் போனான். யூசோப் கூடவே நடந்தார். இன்ஸ்பெக்டரின் ஏற்பாடு அது. சாமி பக்கத்தில் வந்ததும் யூசோப் கொஞ்சம் தள்ளிப் போய், முதுகைக் காட்டித் திரும்பி நின்று காட்டைப் பார்த்துக்கொண்டார்.

"என்னா பாங், எங்க சாமிக்கு பாடிகார்டா?" என்றான் அர்ச்சுனன்.

"வாய மூடிக்கிட்டு சீக்கிரம் கும்பிடுலா" என்றார் யூசோப், தோட்டத்தில் கற்ற தமிழில்.

மயிலம்மாளும் வந்திருந்தாள், அதே கல்யாணச் சேலையில். முந்தானையில், கொடியின் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என வெட்டிய இரண்டு வட்ட ஓட்டைகள். பின்னால் நின்ற அமிர்தலிங்கம் மெல்லச் சொன்னார்: "குடும்மா, சிவப்புத் துணி வாங்கி வச்சிருக்கேன். தெரியாம ஒட்டுப் போட்டுத் தர்றேன்."

அவள் முந்தானையை எடுத்து, அந்த ஓட்டைகள் வழியாகச் சாமியைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்பா" என்றாள். "ஓரம் மட்டும் மடிச்சுத் தச்சுடு. பிரியாம இருந்தாப் போதும்."