சீலைத்துண்டு கட்டிய மரங்கள்

கோணாமலை மாமா பந்தலின் ஆறாவது கம்பைக் குழிக்குள் இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தார். அதில் கட்டியிருந்த சிவப்புச் சீலைத்துண்டை அப்போதுதான் பத்தினிப்பிள்ளை கண்டாள். மற்ற ஐந்திலும் அதே துண்டு இருந்தது.

வீட்டுக்குள், விடியற்காலையில் செத்துப்போன அவளுடைய அப்பா கதிர்காமத்தம்பி கிடந்தார்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு, வாவியோரக் காட்டை ஊரே விறகுக்கு வெட்டி மொட்டையாக்கியது. அப்பா என்ற இந்த ஒரு மனிசன்தான் காய்ந்த கொப்புகளால் அலம்பல் வேலி அடைத்து மாட்டை மறித்தார். நிலத்தை மூடிக் கிடந்த நாயுண்ணிப் பற்றையை வேரோடு பிடுங்கினார். வெயில் பட்டதும் கார்த்திகைப்பூ தானாக வந்தது. பாலை, வீரை மரக்கன்றுகள் முளைத்தன. நெருக்கி நின்ற கோணல் கன்றுகளைக் கழித்து, வளர வேண்டியவற்றுக்குச் சீலை கட்டினார். பதினாலு வருஷம்! விசரன் என்று ஊர் சிரித்தது. மகளும் சேர்ந்துதான் சிரித்தாள். கன்றைக் கடிக்குதென்று அவளுடைய ஐந்து ஆடுகளையும் அவர் யாருக்கோ கொடுத்துவிட்ட கோபம் அவளுக்கு ஆறவேயில்லை.

காலையில் மாமா பந்தலுக்குக் கம்பு கேட்டபோது, "காட்டுல வெட்டுங்க மாமா, ஆகாததாப் பாத்து" என்று சொன்னவளும் அவள்தான். சீலையைப் பற்றி அப்பா வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அந்த நேரம் அது அவள் வாயில் வரவில்லை.

"இத ஏன் மாமா வெட்டினீங்க?"

"அடையாளம் போட்டதத்தான் வெட்டினம் புள்ள. மத்ததுல கத்தி படல்ல."

மாமா, காட்டைக் குத்தகைக்கு எடுக்கும் கொந்தறாத்துக்காரரிடம் இருபது வருஷம் மரம் வெட்டியவர். அங்கே அடையாளம் போட்ட மரம் விழ வேண்டிய மரம்.

"அது வெட்டப்படாதெண்டு அப்பா கட்டினது."

மண்ணை மிதித்த கால் நின்றது. மாமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீலை கட்டினதுல இன்னும் ஏதும் நிக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள. கட்டியிருந்த பதினெட்டும் இஞ்சதான் கிடக்கு."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்க வேண்டியது தன்னைத்தான் என்பதும் தெரிந்தது.

"குழி தோண்டியாச்சு. மறுகா என்ன செய்ற?" என்று முணுமுணுத்தபடி அவர் ஏழாவது கம்பைத் தூக்கினார்.

மத்தியானம் அப்பாவைப் பந்தலுக்குள் கிடத்தினார்கள். வந்தவர்கள் எல்லாம் கம்புகளின் நேரைப் புகழ்ந்தார்கள். ஈ மொய்க்கத் தொடங்கியது. மாமி, அந்தக் கம்புகளிலிருந்து கழித்துப் போட்ட பாலைக் கொப்புகளில் கொழுந்தோடு ஒன்றை ஒடித்து, "இந்தா புள்ள, விசுக்கு" என்று கொடுத்தாள்.

ஒடித்த நுனியில் பால் கசிந்து விரல்களில் ஒட்டியது. பத்தினிப்பிள்ளை விசுக்கிக்கொண்டேயிருந்தாள்.