உபசேன மாமாவின் ஆறாவது நாவல்

தென் மாகாணத்தில் இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதன் உண்டென்றால் அது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, குடிசன மதிப்பீட்டுக்கு வருகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று சொல்கிறேன். எங்கள் குடும்பத்துப் பொய்களையெல்லாம் உபசேன மாமா ஒருவரே குத்தகைக்கு எடுத்திருந்தார். அம்மாவின் அண்ணன். மெல்பர்னில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். நடக்காததை நடந்த மாதிரிச் சொன்னால் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் வகுப்புத் தடை. அங்கே பரிசு கொடுக்கிறார்கள்.

ஐந்து நாவல்களிலும் எங்கள் அக்குரஸ்ஸ வீடு வரும். பலாமரம் வரும். மொட்டைவால் நாய் வரும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் பதினான்கு வயதிலிருந்து நான்தான் வாசித்துச் சிங்களத்தில் சொல்லிவருகிறேன். முடிவில் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"நான் வாறனா, மகன்?"

"இல்லையம்மா."

"நாய்?"

"நாய் நாலு பக்கம் வருது."

பக்கத்து வீட்டு ரத்னசீலி அக்கா வேலிக்கு அப்பாலிருந்து, "நீயும் கொஞ்சம் வாலாட்டியிருந்தா வந்திருப்பாய், குசும்!" என்பாள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆகவே எனக்கு நல்ல தூக்கம் வரும்.

மாமா அம்மாவை எழுதாத காரணம் ஊருக்கே தெரியும். எண்பத்தொன்பதில், அரசுக்கு எதிராகக் கிளம்பிய சிங்களப் பையன்களின் உடல்கள் சந்திகளில் டயரோடு எரிந்த நாட்களில், ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்தது. பதினேழு வயது அம்மா, மாமாவின் கொப்பிகளை எல்லாம் அள்ளி அடுப்பில் போட்டாள். அந்தப் பையன்களின் இயக்கத்துக்கு ஏதோ எழுதுகிறார் என்று நினைத்துவிட்டாள். அது அவருடைய முதல் நாவல். முழுக்கக் காதல். வந்தவர்கள் வீட்டைக் கிளறிவிட்டு வெறுங்கையோடு போனார்கள். மாமா அடுத்த மாதம் விமானம் ஏறினார். முப்பது வருடம் அம்மாவுக்கு ஒரு வரி எழுதவில்லை.

இந்த வருடம் அங்கேயே மாரடைப்பில் செத்துப்போனார்.

அவர் நினைவாகப் பிக்குமாருக்குக் கொடுக்கும் மூன்றாம் மாதத் தானத்துக்கு முதல் நாள் தபாலில் ஆறாவது நாவல் வந்தது. அவர் மனைவி அனுப்பியிருந்தாள். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"பார்த்துச் சொல்லு."

"முன்னூறு பக்கம், அம்மா. ரெண்டு நாளாவது வேணும்."

"நாளைக்குப் பிக்குமார் வருவினம். தண்ணி வார்த்து அவருக்குப் புண்ணியம் குடுக்கேக்க எனக்கு மனசு தெளிவா இருக்கோணும். என்னை மன்னிச்சாரா இல்லையா? அதை மட்டும் பாரு."

பக்கங்களைத் தள்ளினேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கொப்பிகள் வந்தன. 'வீட்டில் நான் ஒரே பிள்ளை' என்று எழுதியிருந்தார். 'என் கொப்பிகளைக் கறையான் தின்றுவிட்டது.'

இரண்டு தரம் வாசித்தேன். கறையான் என்றுதான் இருந்தது.

"என்னடா?"

"வாறாய் அம்மா."

துருவும் சத்தம் நின்றது.

"என்ன பேர் வைச்சிருக்கிறார்?"

"பேர் இல்லை. தங்கச்சி எண்டு மட்டும்."

"வாசி."

புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னேன். "'தங்கச்சி அடுப்புக்கு முன்னால குந்தியிருந்தாள். எனக்கு அவளைக் கொல்ல வேணும்போல இருந்துது. அவள்ர கண்ணெல்லாம் புகை...'"

"புகை இல்லை. நான் அழுதனான்."

"ஓம். அடுத்த வரியில இருக்கு."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பூப்பூவாய்த் தேங்காய்த்துருவல் அவள் முழங்கையில் ஒட்டியிருந்தது.

"அவர் வெளிக்கிட்ட அண்டைக்கு வெத்திலை குடுத்துக் கும்பிடப் போனன். காலை இழுத்துக்கொண்டார்." இதை அவள் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. "எல்லாருக்கும் முன்னால. அதைப் பற்றி ஏதும் எழுதியிருக்கிறாரா?"

"பொறு, வருது."

பக்கத்தைப் புரட்டினேன். அதில் மெல்பர்ன் டிராம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அம்மாவும் குனிந்து பார்த்தாள். அவளுக்கு வசதியாக ஒரு வரியின்மேல் விரலை வைத்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே, மேலே வாசித்தேன்.