முன்பு முடித்தவை

ஆழிப்பேரலையாகக் கடல் வந்துபோன இரண்டாம் ஆண்டு. கல்லடியில் வீடிழந்தவர்களுக்கான புதிய வீட்டை யார் பெயரில் எழுதுவது என்று சொல்ல, நிவாரண அலுவலகப் பொறுப்பாளர் லெஸ்டருக்கு ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. அங்கே மென்பொருள் எழுதும் இருவரில் கம்சாயினி அதை விதிகளாக எழுதியிருந்தாள்: இப்படியானால் இது, அப்படியானால் அது. உதயரூபனின் வழி வேறு. முன்பு முடித்த விண்ணப்பங்களில் இதைப் போன்றவற்றை அவனுடைய மென்பொருள் தேடி எடுக்கும். அவற்றின் முடிவையே இதற்கும் தரும்.

இரண்டில் ஒன்றை லெஸ்டர் அன்று தேர்ந்தெடுக்க வேண்டும். சோதித்துப் பார்க்கக் கண்ணகையின் விண்ணப்பத்தைப் போட்டார்கள். அவள் எதிரிலேயே இருந்தாள். அலை கொண்டுபோனது தாய் அவளுக்குக் கொடுத்த சீதன வீடு. புருஷன் அழகரத்தினம் அலைக்கு முந்தியே உன்னிச்சையில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டான். வீடு கிடைக்கப்போகிறது என்றதும் அவனும் வந்து தன் பெயரைப் பதிந்துவிட்டுப் போயிருந்தான்.

உதயரூபனின் திரையில் ஐந்து பழைய முடிவுகள் வந்தன. ஐந்திலும் அலை கொண்டுபோனது மனைவியின் சீதன வீடு.

"பாருங்க சேர், அஞ்சிலயும் புருசன்ட பேர்தான்," என்றான் உதயரூபன். "விதி எழுதிற வேலையே இல்ல. முந்திச் செய்ததத்தான் செய்யிது."

"முந்திப் பிழையாச் செய்திருந்தா?" என்றாள் கம்சாயினி.

"அதெல்லாம் எங்கட கொமிட்டி முடிவு," என்றார் லெஸ்டர். "நீ கிழமைக்கொருக்கா விதிய மாத்திறாய். இது பேசாம வேலை செய்யிது."

"என்ன புள்ள சொல்லுது அது?" கண்ணகை கேட்டாள்.

"வீடு அழகரத்தினத்துக்காம்," என்றாள் கம்சாயினி.

"அந்த மனிசன் அங்க ஒரு ஓடு மாத்தினதில்ல கா! அவன்ட தாய் வீடும் தங்கச்சிக்குத்தானே போன. மறுகா என்ட வீடு என்னென்டு அவனுக்கு? இந்தப் பெட்டிக்கு ஆரு சொன்ன?"

"ஒத்தரும் சொல்லல்ல அக்கா. அதுவே தேடி எடுக்கிது," என்றான் உதயரூபன்.

கம்சாயினிக்கு அந்தச் சொல்லில்தான் கோபம் தலைக்கேறியது. ஒருவரும் சொல்லவில்லையாம். ஐந்து பெண்களின் வீட்டை எடுத்துக் கொடுத்தவர்கள் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் வேண்டுமா? அவள் விசைப்பலகையை இழுத்தாள்.

"சேர், விதியாச் சொல்லுங்க, எழுதிறன். தாய் குடுத்த வீடு போனா, புதுவீடு புருசனுக்கு. உங்கட வாயால சொல்லுங்க."

"அக்கா, கொஞ்சம் வெளிய இரிங்க," என்றார் லெஸ்டர்.

"இல்ல சேர். நானும் கேட்டுட்டுப் போறன்."

வெளியே வாவியில் ஒரு தோணியின் இயந்திரம் நெருங்கிவந்து, கடந்து, ஓய்ந்தது. லெஸ்டரின் வாய் திறந்து மூடியது. கண்ணகை அவருடைய முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"போன வீடு ஆருடையதோ அவங்கட பேருக்கு எழுது," என்றார் கடைசியில், யன்னலைப் பார்த்து.

"இவக்கு மட்டுமா?"

"விதி என்டா எல்லாருக்கும்தானே!" என்று சீறினார்.

எழுதினாள். கண்ணகையின் பெயர் வந்தது.

"இதச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணகை எழுந்து போனாள்.

கம்சாயினி விடவில்லை. பழைய ஐந்தையும் அந்த விதியில் போட்டாள். ஐந்தும் பெண்களுக்கு மாறின. வீட்டு உறுதிப் பத்திரங்களோ எப்போதோ புருஷன்மாரின் கைக்குப் போய்விட்டன.

"அது முடிஞ்ச விசயம்," லெஸ்டர் எழுந்தார்.

"முடிச்சது ஆரு?"

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"அஞ்சு பேரையும் நாளைக்கு வரச் சொல்லப்போறன். அந்த விதிய அவங்களுக்கும் நீங்கதான் சொல்லவேணும், சேர்."